ஒரு நெல்லு உசரம்

“எங் குதிரை காலுக்கு என்ன போடணும்னு எனக்குத் தெரியும். நீங்க ஆணிய மட்டும் அடிங்க பாய், வாயடிக்காதீக!”

நல்லகாமன் இப்பிடி வெடுக்குன்னு சொன்னதும், லாடம் அடிக்கிற ஷேக் தாவூது சுத்தியலத் தரையில வச்சுட்டாரு. அறுவத்தெட்டு வயசு மனுசன். அவரு மடியில சிட்டோட பின்னங்காலு கெடக்கு. அது பாட்டுக்கு வால வீசி ஈய வெரட்டிக்கிட்டு நிக்குது. சிட்டுங்கிறது நல்லகாமன் வீட்டுலயே பொறந்து வளந்த செவலை மட்டக்குதிரை. அஞ்சு வயசுப் பொட்டை.

“நாளைக்குப் பந்தயம். அங்க உசரம் அளந்துதான் சின்னக் குதிரை, நடுக்குதிரைன்னு பிரிப்பாக. அளந்து முடிக்கட்டும், நானே அங்க வந்து அடிச்சுத் தாரேங்கிறேன். இதுல என்னடா தப்பு?”

“ஓடுற அன்னிக்கிக் காலுல ஆணி எறங்கப்படாது. எங்கப்பா விருமாண்டி சொன்னது.”

“சரி, அப்பப் புதுசு வேணாம். இந்தா, கழட்டி வச்சிருக்கேன்ல பழசு, ஒரு மாசம் ஓடித் தேஞ்சு தகடாட்டம் இருக்கு. இதையே திருப்பி அடிச்சு விடுறேன்.”

“தகடு தாரு ரோட்டுல நிக்குமா? போன வருசம் கருப்பிக்கு என்ன ஆச்சு? பாதி வழியில லாடம் பிஞ்சு, குளம்பு பொளந்து, மூணு மாசம் நொண்டுச்சுல்ல?”

கருப்பி சிட்டோட ஆத்தா. அன்னிக்கி அது நொண்டிக்கிட்டு வந்தப்ப ரோட்டோரம் நின்ன பயலுக, “செருப்பில்லாத குதிரை போகுது பாரு”ன்னு கத்துனது நல்லகாமன் காதுல இன்னும் கெடக்கு.

“பாத்தேன். மருந்து வச்சதே நாந்தான். அதுக்காக இம்புட்டுக் கனமாவா? எங்க வாங்குன இத?”

“போன்ல பாத்து வாங்குனேன். வடக்க இருந்து வந்துச்சு. பெரிய பந்தயக் குதிரைக்கெல்லாம் இதான் போடுறாக.”

“பெரிய குதிரைக்குன்னு நீயே சொல்லிட்டயே. கடைசியா எப்ப அளந்த?”

“முந்தாநாளு. அளவுக் கயித்து முடிச்சுக்குக் கீழதான் நிக்குது.”

“பழைய லாடத்துலயா, புதுசுலயா?”

நல்லகாமன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, கொள்ளு வாளியக் கழுவப் போய்ட்டான். லாடம் என்ன, செங்கல்லு கனமா இருக்கப் போகுதுன்னு நெனப்பு. தாவூது “அம்புட்டுத்தான்டா உன் நசீபு, உன் தலையெழுத்து”ன்னு முனங்கிட்டு, புது லாடத்தையே அடிச்சுட்டு, சாமானச் சாக்குல சுருட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. டீ வேணுமான்னு கேக்கல இவன். அவரும் நிக்கல.

நல்லகாமன் கெட்டவன்னு யாரும் சொல்லிற முடியாது. குடி கெடையாது, சீட்டு கெடையாது, அடுத்த வீட்டு வாசல்ல போயி நிக்கிற பழக்கம் கெடையாது. அப்பிடி ஏதாச்சும் ஒண்ணு இருந்தா பொண்டாட்டி முத்துமீனாவுக்கு வையவாச்சும் தோதா இருந்துருக்கும். இவனுக்கு இருந்ததெல்லாம் குதிரைதான். குதிரைய வச்சுக்கிட்டு ஒரு மனுசன எப்பிடி வைய? வஞ்சா, “அது வாயில்லாச் சீவன்டீ”ம்பான். “உனக்கு வாய் இருக்குல்ல, நீ கேளு”ம்பா அவ.

அப்பன் விருமாண்டி ரயிலடியில ஜட்கா ஓட்டுனவரு. ஆட்டோ வந்துச்சு, வண்டி போச்சு. அதுக்காக யாரும் ஒக்காந்து அழுகல, ஓட்டுனவுகளே ஆட்டோவுலதான் ஏறிப் போனாக. நல்லகாமன் குட்டியானை வேன் வாங்கி, கோச்சடையில இருந்து கே.கே. நகர் வரைக்கும் தண்ணிக் கேன் போட்டுப் பொழைக்கிறான். பொழைப்பு அது. புத்தி மட்டும் குதிரை மேல.

பந்தயத்துல குதிரை விடுறவுக எல்லாரும் வடக்க இருந்து வாங்கியாருவாக, இல்லேன்னா சந்தையில போயிப் பிடிப்பாக. மதுரைக்காரன் வீட்டுல பொறந்த குட்டின்னா ஒரு பய நின்னு பாக்க மாட்டான். இவனுக்கு அது பொறுக்கல. குள்ளமா இருக்கணும், கெட்டிக் குளம்பா இருக்கணும், நம்ம வெயில்ல வாயத் தொறந்து எளைக்கப்படாது, வண்டியில பூட்டுனா கடிக்காம ஒதைக்காம நிக்கணும், அப்பிடி ஒரு மட்டத்த நம்மளே ஈனவச்சு எடுத்துக் காட்டணும்னு கெளம்பிட்டான். பன்னெண்டு வருசம். பன்னெண்டு வருசத்துல மூணே குட்டி.

சோழவந்தான்ல வெத்தலைக்கொடிக்கால் வச்சிருக்க செல்வக்குமார்கிட்ட ஒரு குள்ள ஆண்குதிரை இருந்துச்சு. அதுக்குச் சேக்கணும்னா கருப்பிய அங்க கொண்டு போகணும். கருப்பி வண்டியில ஏறாது. ஏத்தப் போனா பலகைய ஒதைச்சே பேத்துரும். அதனால வெள்ளன நாலு மணிக்குக் கயித்தப் பிடிச்சு ஆத்தோரமாவே நடத்திக்கிட்டுப் போவான். அங்க போய்ச் சேந்தா அதுக்கு மனசு இருக்காது. திரும்ப நடத்திக்கிட்டு வருவான். “கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கக்கூட நீ இம்புட்டுத் தடவ நடக்கலயேய்யா”ம்பா முத்துமீனா.

மொதக் குட்டி செத்தே பொறந்துச்சு. பதினொரு மாசம் காத்துக் கெடந்து, மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனா, அங்க இருந்த டாக்டரம்மா எட்ட நின்னு, “கடிக்குமா?”ன்னு கேட்டுச்சு. மாடுன்னா பாத்துரும் பாவம், குதிரைய எங்கிட்டுப் பாத்துச்சு அது? ரெண்டாவது குட்டி நல்லாத்தான் பொறந்துச்சு. ரெண்டு வருசத்துல மளமளன்னு வளந்து நெட்டையா நின்னுருச்சு. அத மாப்பிள்ளை அழைப்புக்கு விடுறவுக வாங்கிட்டுப் போய்ட்டாக. மூணாவது சிட்டு. அது குள்ளமாவே நின்னுச்சு. இவன் தெனமும் கயித்தால அளப்பான். கயித்துல சின்னக் குதிரை உசரத்துக்கு ஒரு முடிச்சு. தோளுக்கு மேல இருக்க பிடரி மேடு அதத் தாண்டிப் போயிறப்படாது. பிள்ளை வளரணும்னு எல்லாரும் நேந்துக்குவாக, இவன் ஒருத்தந்தான் வளரப்படாதுன்னு நேந்துக்கிட்டான்.

போன தையில ஒரு கால்நடைக் கண்காட்சிக்கு அதக் கூட்டிட்டுப் போனான். குளிப்பாட்டி, பிடரி மயித்தப் பின்னி, மணி கட்டி, கழுத்துல “நாட்டு மட்டம், மதுரைப் பிறப்பு”ன்னு அட்டை வேற. நாட்டு மாட்டுக்கு வரிசை இருந்துச்சு, நாட்டு நாய்க்கு இருந்துச்சு, சேவலுக்கு இருந்துச்சு. மட்டக்குதிரைக்கு வரிசையே இல்ல. அங்க பேரு எழுதுனவரு பேனாவ வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, “இதர”ன்னு எழுதி, வான்கோழிக்குப் பக்கத்துல கட்டச் சொல்லிட்டாரு. நாள் பூரா அந்த வான்கோழி சிட்டப் பாத்துக் கத்திக்கிட்டே இருந்துச்சு. வந்த சனம் வான்கோழியோடதான் போட்டோ எடுத்துக்கிச்சு. சாயங்காலம் ஒரு எவர்சில்வர் டம்ளரக் குடுத்து அனுப்பிட்டாக. முத்துமீனா அதுல உப்புப் போட்டு வச்சிருக்கா.

இப்ப விசயம் என்னன்னா, குதிரை கட்டிக் கெடந்த எடம் போச்சு. கோச்சடையில காலி மனையெல்லாம் வீடாகிருச்சு. மனைக்காரரு சித்திரைக்குள்ள காலி பண்ணுன்னுட்டாரு. சுத்தி அபார்ட்மெண்டு வந்துருச்சு, சாணி நாத்தம்னு தெனம் ஒரு பஞ்சாயத்து. வீட்டுச் சந்துல ரெண்டு குதிரையக் கட்ட முடியாது, முத்துமீனா துணி காயப்போடக்கூட அங்க எடம் இல்ல.

செல்வக்குமாரு ஒரு பேச்சுப் பேசுனான். “அண்ணே, கோயில் திருவிழாப் பந்தயத்துல சின்னக் குதிரையில சிட்டு மொதப் பரிசு வாங்கட்டும். எங்க குதிரைக்குப் பொறந்த குட்டின்னு பேரு வந்துருச்சுன்னா, தென்னந்தோப்புல அஞ்சு சென்ட்டு எடம் ஒதுக்குறேன். ரெண்டையும் அங்கயே வச்சு எத்தனை குட்டி வேணும்னாலும் எடுங்க. வாடகை வேணாம்.”

முத்துமீனாவும் ஒரு பேச்சுப் பேசுனா. “செயிச்சா உன் இஷ்டம். வாயத் தொறக்க மாட்டேன். தோத்தா ரெண்டையும் கொடைக்கானல்ல சவாரிக்கு விடுற முபீன் கேட்டாருல்ல, அவருக்குப் பிடிச்சுக் குடுத்துரணும். சத்தியம் பண்ணு.”

“பண்ணிட்டேன் போ”ன்னான். அவன் எதுக்குப் பயப்படப் போறான்? ஆத்தோர ரோட்டுல தெனம் வெள்ளன ஓட்டிப் பழக்குறப்ப, சுத்துப்பட்டுல இருக்க அத்தனை சின்னக் குதிரையையும் சிட்டு பின்னால விட்டுருக்கு. தோக்குறதுக்கு வழியே இல்ல.

பந்தயத்தன்னிக்கி முத்துமீனாவும் வந்தா. இதுவரைக்கும் ஒரு பந்தயத்துக்கும் வராதவ, தூக்குவாளியில தயிர்ச்சோறு எடுத்துக்கிட்டு, “முடிவ நானே கண்ணால பாத்துக்கிறேன்”னு வந்தா.

பந்தயம் நடக்குற அந்த ஊருல போன வருசம் வரைக்கும் கண்ணளவுதான். கமிட்டிக்காரங்க நாலு பேரு நின்னு, இது பெருசு, இது நடு, இது சின்னதுன்னு கையக் காட்டிப் பிரிச்சு விடுவாக. அதுல வருசா வருசம் அடிதடி. அதனால இந்த வருசம் கமிட்டியில சிவனாண்டிங்கிறவரு அளவுக்கம்பு ஒண்ணு செஞ்சு வச்சிருந்தாரு. நட்டமா ஒரு கம்பு, அதுல மேலயும் கீழயும் நகர்ற குறுக்குக் கம்பு. நாப்பத்தி நாலு இஞ்சுல ஆணி அடிச்சு நிறுத்தியிருந்தாக. பிடரி மேடு அதுக்கடியில நொழஞ்சா சின்னக் குதிரை, முட்டுனா நடுக்குதிரை.

சிட்டு நல்லா நின்னுச்சு. சமதளமா சிமெண்டுத் தரை. காலு மினுமினுன்னு இருக்கு. சிவனாண்டி கம்பத் தள்ளுனாரு. முட்டுச்சு.

“தலையத் தூக்குது, அதான்”ன்னான் நல்லகாமன். தலையத் தாழ்த்திப் பிடிச்சான். முட்டுச்சு. “பயந்து வெறைச்சு நிக்குதுண்ணே.” தட்டிக் குடுத்து, செத்த நேரம் நிறுத்தி, திருப்பி அளந்தாரு. முட்டுச்சு.

“எம்புட்டு?”ன்னான்.

சிவனாண்டி குனிஞ்சு பாத்தாரு. “ஒரு நெல்லு உசரம் இருக்கும். கூடத்தான் இருக்கு. நடுக்குதிரை. எழுதிக்கப்பா.”

“அண்ணே, லாடம் புதுசுண்ணே. நேத்துத்தான் அடிச்சது. கழட்டிட்டு வாரேன், அஞ்சே நிமிசம்.”

“வந்த கோலத்துலதான்யா அளப்போம். ஒருத்தனுக்குக் கழட்ட விட்டா, அடுத்தவன் குளம்பச் சீவிட்டு வாரேம்பான், அதுக்கடுத்தவன் காலையே வெட்டிட்டு வாரேம்பான். இதுக்குத்தான கம்பே செஞ்சோம்?”

“ஒரு நெல்லுக்காகவாண்ணே!”

“ஒரு நெல்லோ ஒரு மூடையோ, முட்டுச்சா இல்லையா?”

முத்துமீனா பின்னால இருந்து, “பொறந்ததுல இருந்து குள்ளம் குள்ளம்னு உசுர வாங்குன. இன்னிக்கிப் பாத்து வளந்துருச்சாக்கும்?”னா.

“நீ பேசாம கெடடீ.”

“நான் பேசல. கம்பு பேசுது.”

நல்லகாமன் அங்கிட்டுத் திரும்புனா, வேப்பமரத்தடியில தாவூது ஒக்காந்திருக்காரு. அளந்து முடிச்ச சின்னக் குதிரைக ஒவ்வொண்ணா வெறுங்காலோட அவருகிட்ட வருது. டொக்கு டொக்குன்னு புது லாடம் அடிச்சுக்கிட்டிருக்காரு. வரிசையில நிக்கிறவுக எல்லாம் ஆளுக்கொரு பையில லாடத்தக் கையிலயே வச்சிருக்காக. கம்பு வச்சு அளக்குற மத்த ஊருப் பந்தயங்கள்ல இதெல்லாம் வருசா வருசம் இவன் கண்ணு முன்னாலதான் நடக்குது. “ஓடுற அன்னிக்கி ஆணி எறக்குறானுக, கூறுகெட்ட பயலுக”ன்னு இத்தனை வருசமும் இவனே அவுகளப் பாத்துச் சிரிச்சுருக்கான். தாவூது நிமுந்து பாத்தாரு. அப்பவே சொன்னேன்லன்னு சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஒரு சண்டை போட்டுருக்கலாம். திருப்பிக் குனிஞ்சு ஆணி அடிக்க ஆரம்பிச்சுட்டாரு.

சின்னக் குதிரை ஓட்டம் மொதல்ல நடந்துச்சு. செயிச்சது எதுன்னா, ஆத்தோர ரோட்டுல சிட்டு மாசத்துக்கு இருவது நாளு பின்னால விட்ட ஒரு சாம்பக் குதிரை. மைக்குல அதோட பேரு நாலு தடவ சொன்னாக. நல்லகாமன் காதப் பொத்தல, அம்புட்டுத்தான். வாயில கெடந்த வெத்தலையத் துப்பிட்டு, சிட்ட வண்டியில பூட்டுனான்.

நடுக்குதிரையில ஒம்பது வண்டி. போக வர அஞ்சு மைலு. மத்ததெல்லாம் சிட்டுக்கு மேல ஒரு சாண் உசரம், அதுக ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள இது ரெண்டு எட்டு வைக்கணும். கெளம்புறப்ப சிட்டு ஏழாவது. பாலம் தாண்டையில அஞ்சு. கொடியச் சுத்தித் திரும்புறப்ப மூணாவது. ரோட்டு ரெண்டு பக்கமும் சனம், “ஏ, குட்டி வருதுடா, குட்டி வருதுடா!”ன்னு கத்துது. அந்தக் கனத்த லாடம் தாரு ரோட்டுல ஒரு எடத்துலகூட வழுக்கல, பிசகல. அதச் சொல்லணும். நல்லகாமன் சாட்டையக் கையில எடுக்கவே இல்ல, நாக்க மட்டும் தட்டிக்கிட்டு வந்தான். கடைசிக் கால் மைலுல பின்னால இருந்து ஒரு வெள்ளக் குதிரை நீளக் காலப் போட்டு வந்துச்சு. சிட்டு விட்டுக் குடுக்கல. அதுவும் விடல. எல்லைக் கோட்டுல வெள்ளையோட மூக்கு முன்னால இருந்துச்சு.

சிட்டு நாலாவது. பரிசு மூணு பேருக்குத்தான்.

செல்வக்குமாரு வந்து சிட்டு கழுத்தத் தடவிக் குடுத்தான். “நல்லா ஓடுச்சுண்ணே. இம்புட்டுக் குட்டிக் குதிரை நடுவுல நாலாவது வந்ததெல்லாம் பெரிய விசயம்.”

“அப்ப தோப்பு எடம்?”

“அண்ணே, நாலாவது வந்தத யாருண்ணே பேசப் போறா? சின்னக் குதிரை மொதப் பரிசுன்னுதான பேசுனோம். எங்க அப்பாகிட்ட அப்பிடிச் சொல்லித்தான் சம்மதம் வாங்குனேன். இப்ப நான் என்னன்னு போய்ச் சொல்ல?”

நல்லகாமன் அதுக்கு மேல கேக்கல. கேட்டுருக்கலாம். கால்ல விழுந்தாலும் தப்பில்ல, அம்புட்டு வருச வேலை. அவனுக்கு அது வராது. தாவூதுகிட்டப் போயி, “பாய், நீங்க சொன்னது சரிதான்”னு ஒரு வார்த்தை சொல்லக்கூட அவனுக்கு அன்னிக்கி வாய் வரல. தூக்குவாளி தயிர்ச்சோத்த அப்பிடியே திருப்பி வீட்டுக்குத்தான் எடுத்துட்டு வந்தாக.

முத்துமீனா அஞ்சு நாளு சத்தியத்தப் பத்தி மூச்சு விடல. அவ கேட்டுருந்தா கத்தியிருப்பான், கத்துனா கொஞ்சம் எறங்கியிருக்கும். ஆறாவது நாளு அவனே முபீனுக்குப் போனப் போட்டான்.

முபீன் நல்ல மனுசன். கொடைக்கானல் ஏரியச் சுத்திச் சவாரிக்கு ஏழெட்டுக் குதிரை விடுறாரு, எதையும் அடிக்கிறதில்ல. வெள்ளிக்கெழம தொழுகைய முடிச்சுட்டு வேனோட வந்தாரு. கருப்பியோட பல்லப் பாத்தாரு, சிட்ட நடத்திப் பாத்தாரு. “சாது. பிள்ளைக ஏறுறதுக்கு இதுதான் சரி. குள்ளமா வேற இருக்கு”ன்னாரு.

குள்ளமா இருக்குன்னு அவரு சொன்னதும் நல்லகாமன் சிரிச்சான். அது சிரிப்பா என்னன்னு முத்துமீனாவுக்குத்தான் தெரியும்.

“லாடம் மட்டும் கழட்டிரணும் அண்ணே. இந்தக் கனம் மலையில ஈரத்துக்கு ஆகாது. எங்க ஆளு அங்க வேற போடுவான்.”

கழட்டத் தாவூதத்தான் கூப்பிடணும், வேற ஆளு இல்ல. வந்தாரு. சண்டை நடந்ததுக்கு அப்புறம் அன்னிக்கித்தான் வாராரு. ஒக்காந்து, நாலு கால்லயும் ஆணிய நெம்பி எடுத்து, லாடத்த ஒவ்வொண்ணா நல்லகாமன் கையில குடுத்தாரு. சிட்டு வெறுங்காலோட சிமெண்டுல நின்னுச்சு. நல்லகாமன் இடுப்புல இருந்து கயித்த உருவுனான். நுனியக் காலால மிதிச்சுக்கிட்டு, பிடரி மேட்டோரமா மேல இழுத்துப் பிடிச்சான். சிட்டு நின்னது முடிச்சுக்குக் கீழ, நல்லாவே கீழ.

“பாய், டீ குடிச்சுட்டுப் போங்க”ன்னான்.

“குடிக்கிறேன்”னாரு தாவூது.

கருப்பி வண்டியில ஏற மாட்டேன்னு வழக்கம்போல ஒதைச்சுச்சு. சிட்டு மொதல்ல ஏறி உள்ள நின்னதும், அது பின்னாலயே தானா ஏறிருச்சு. பன்னெண்டு வருசத்துல அது வண்டியில ஏறுனது அதான் மொதத் தடவ. வேன் ஆத்துப் பாலம் பக்கம் திரும்புற வரைக்கும் மூணு பேரும் வாசல்லயே நின்னாக.

முத்துமீனா அவன் கையில இருந்த லாடத்துல ஒண்ண எடுத்து, எடை பாக்குற மாதிரி தூக்கிப் பாத்தா. “இம்புட்டுக் கனமா இருக்கு. என்ன வெலைய்யா குடுத்த இதுக்கு?”

இத்தனை நாளா அத அவகிட்டச் சொல்லாமலே வச்சிருந்தான். இனி மறைச்சு என்ன?

“நாலும் சேத்து ஆயிரத்து எரநூறு ரூவா”ன்னான்.